தலை தட்டாத கரண்டி

நாள் 1 · காலை 07:10

நிலவின் தென்முனை, மூன்றாம் ஆய்வு நிலையம். பதிவு: இசக்கியம்மாள், உயிர்காப்பு அமைப்புப் பொறியாளர். காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. நீர் மறுசுழற்சி 94 சதவீதம்.

திரும்பிப் போகும் கலத்தின் எரிபொருள் தொட்டியில் கசிவு. அடைத்துப் பார்த்தோம். வேகம் குறைந்தது, நிற்கவில்லை. 72ஆம் நாள் கிளம்பினால் மூன்று உடல்களாக மொத்தம் 202 கிலோவைக் கலம் தூக்கும். அதற்கு மேல் ஒரு நாள் தள்ளினாலும் மூன்று பேரும் போக முடியாது. இருக்கைகள், கருவிகள், பாறை மாதிரிகள் எல்லாவற்றையும் கழற்றி எறிந்த பிறகு வந்த கணக்கு இது.

இன்றைய எடை, பூமிக் கணக்கில்: தலைவர் ஜெபநேசன் 82. பாறை ஆய்வாளர் சடகோபன் 76. நான் 68. மொத்தம் 226. குறைய வேண்டியது 24 கிலோ, ஆளுக்கு எட்டு.

பூமி நிலையத்து உணவு நிபுணர் டாக்டர் ரோஸ்லின் திட்டம் அனுப்பியிருக்கிறார். ஆளுக்குத் தினம் 1,400 கலோரி. சமையலை யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தார். இரண்டு ஆண்களும் என்னைப் பார்த்தார்கள். நான் காற்று சுத்திகரிப்பானைப் பார்த்தேன், அது ஒன்றும் சொல்லவில்லை.

உணவுப் பதிவேடு தினமும் பூமிக்குப் போகும். இந்தக் குறிப்பு போகாது. நிலையத்தின் உபரி நினைவகத்தில் கிடக்கும். அடுத்து யார் இங்கே வருகிறீர்களோ, நீங்கள் படித்துக்கொள்ளுங்கள்.

நாள் 4 · மதியம் 12:40

கொள்ளு ரசம், கீரை மசியல், வெந்நீரில் ஊறவைத்த காய்ந்த சுரைக்காயில் கூட்டு, ஒரு கரண்டி சோறு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு தேக்கரண்டி எண்ணெய். கடுகு வெடிப்பதற்குள் எண்ணெய் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கிறது. தேங்காய் கிடையாது. தேங்காய் இல்லாமல் கூட்டு வைத்ததை எங்கள் ஊரில் வெளியே சொல்ல மாட்டார்கள்.

வீட்டிலிருந்து வாரச் செய்தி. கணவர் பேச்சிமுத்து: “ஏளா இசக்கி, பத்து வருசமா நான் சொல்லிக் கேக்காதவ, நிலாவுல போயி டயட் இருக்கியாமே. நல்லா இளைச்சு வா. கல்யாண ஜாக்கெட்டப் போட்டுப் பாப்போம்.”

மகள் வடிவு, எட்டு வயது: “எம்மா, என் பொறந்தநாளுக்கு வந்துருவேல்லா?”

அவள் பிறந்தநாள் 83ஆம் நாள். கலம் 72ஆம் நாள் கிளம்பினால் தாராளமாகப் போய்விடலாம்.

நாள் 9 · மதியம் 12:55

தலைவர் தட்டைப் பார்த்தார். திட்டவில்லை, முறைக்கவில்லை. “யம்மா இசக்கி, இது பூனைக்கு வச்ச சோறுல்லா” என்றார், அவ்வளவுதான். சடகோபன் சிரித்துக்கொண்டே தன் தட்டையும் நகர்த்தினான்: “அக்கா, எனக்கும் பூனைச் சோறுதானா?”

கரண்டியைத் தலை தட்டி எடுக்க வேண்டும், அதுதான் ஒரு கரண்டி. நான் குவித்து எடுத்தேன். இரண்டு பேருக்கும் அப்படியே. பருப்பிலும் அடியில் கெட்டியாக இருந்ததை அள்ளி ஊற்றினேன். குக்கரில் மிச்சமிருந்ததை வழித்து நான் சாப்பிட்டேன், ரசம் ஊற்றி.

பதிவேட்டில் எழுதியது: சோறு, ஆளுக்கு ஒரு கரண்டி.

அரிசி அளந்துதான் போட்டேன், திட்டத்துக்கு ஒரு மணி கூடவில்லை. யாரும் எதையும் திருடவில்லை.

நாள் 18 · காலை 06:30

எடை: தலைவர் 81.5. சடகோபன் 75.5. நான் 62.5. மொத்தம் 219.5. இன்றைய இலக்கு 220.

பூமி நிலையம், டாக்டர் ரோஸ்லின்: “ரொம்ப நல்லா போயிட்டிருக்கு. ஆனா தனித்தனியாப் பார்த்தா வித்தியாசம் ஜாஸ்தியா இருக்கே?”

தலைவர் பதில்: “ஒவ்வொருத்தர் உடம்பு வாகு அப்படி டாக்டர். மொத்தம் சரியா வருதுல்லா.”

அவர் தட்டில் எவ்வளவு விழுகிறது என்று அவருக்குத் தெரியும். சடகோபனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். மொத்தம் சரியாக வருகிறது.

நாள் 36 · காலை 06:30

80.5. 75. 58. மொத்தம் 213.5. இலக்கு 214.

காற்று வடிகட்டியைக் கழற்றும்போது பிடி நழுவியது. திருகாணி கீழே விழுந்தது. இங்கே எல்லாம் மெதுவாகத்தான் விழும். அதைக் குனிந்து எடுப்பதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தேன். தலைமுடி கொத்தாக வருகிறது.

தினம் ஒரு மணி நேரம் உடற்பயிற்சி மிதிவண்டி ஓட்ட வேண்டும் என்பதும் திட்டத்தில் இருக்கிறது. சடகோபனுக்கு முட்டி வலி. தலைவருக்கு அறிக்கை எழுதும் வேலை.

நாள் 41 · மாலை 17:20

இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் உட்காருவோம். சட்டியில் கிடப்பது எங்களுக்கு. மீன் குழம்பு என்றால் மீன் அவர்களுக்கு, குழம்பு எங்களுக்கு. பன்னிரண்டு வயதில் நான் இதற்காகத் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அடி வாங்கியிருக்கிறேன். இந்த வீட்டில் இனி சோறு வாங்கித் தின்ன மாட்டேன் என்று சொல்லித்தான் விடுதிக்குப் போய்ப் படித்தேன். அத்தனை வீராப்பும் எதற்கு? நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டி வந்தும் என் கை குவிக்கிறது. யாரும் கேட்கக்கூட வேண்டாம், தட்டை நகர்த்தினால் போதும். இந்தக் கையை என்ன செய்வது?

இன்று தலை தட்டிப் போட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கரண்டியை எடுத்தேன். குவித்துத்தான் போட்டேன்.

நாள் 54 · காலை 06:30

80.5. 75. 55.5. மொத்தம் 211. இலக்கு 208.

என்னிடம் குறைய இனி ஒன்றும் இல்லை. இவ்வளவு நாளும் மூன்று பேருக்காக நான் ஒருத்தி இளைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாட்டு மேசையில் சொன்னேன், இன்றிலிருந்து தலை தட்டித்தான். தலைவர், “சரிம்மா, சட்டம்னா சட்டம்தான்” என்றார். சடகோபன் தலையாட்டினான். மதியம் தலை தட்டிப் போட்டேன். என் தட்டிலும் ஒரு கரண்டி விழுந்தது. இத்தனை நாளில் இன்றுதான் முழுதாகச் சாப்பிட்டேன். வயிறு வலித்தது.

நாள் 57 · மதியம் 13:05

தலைவருக்குத் தலைவலி. இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. சடகோபன் சாப்பிட்டு முடித்தும் எழுந்திருக்காமல் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். “பசிக்கலக்கா. சும்மா உக்காந்திருக்கேன்” என்றான்.

பாவி, அந்த ஒரு வார்த்தை போதும். என் தட்டில் இருந்ததை எடுத்து இரண்டு பேருக்கும் போட்டேன். வேண்டாம் என்று ஒருவர் கூடச் சொல்லவில்லை.

நாள் 68 · காலை 06:30

80. 74.5. 54.5. மொத்தம் 209. ஏழு கிலோ அதிகம். நாலு நாள் இருக்கிறது.

டாக்டர் ரோஸ்லின்: “தண்ணியை நிறுத்தி மூணு கிலோ குறைக்கலாம். அதுக்கு மேல போனா, கிளம்பும்போது யாராவது ஒருத்தருக்கு இதயம் நின்னுடும். நான் அனுமதிக்க மாட்டேன்.”

மிச்சம் நாலு கிலோ. ஒருவர் இங்கே இருக்க வேண்டும்.

நாள் 69 · காலை 10:15

பூமி நிலையத்தின் முடிவு, வார்த்தை மாறாமல்: “அடுத்த கலம் நானூறு நாளில் வரும். இருப்பிலுள்ள உணவு 2,80,000 கலோரி. அதாவது நாளைக்கு 700. தலைவரோ சடகோபனோ தங்கினால் உணவு பாதியில் தீர்ந்துவிடும். இசக்கியம்மாளின் உடல் குறைந்த உணவுக்குப் பழகியிருப்பதை எடைப் பதிவு காட்டுகிறது. உயிர்காப்பு அமைப்பை இயக்கத் தெரிந்தவரும் அவரே. எனவே அவர் தங்குவதே பொருத்தம்.”

எடை ஏன் குறையவில்லை என்றும் விளக்கம் கேட்டிருந்தார்கள். தலைவர் அனுப்பிய பதில் திரையில் திறந்தபடியே இருந்தது: “சமையலும் பரிமாறலும் முழுக்க இசக்கியம்மாள் பொறுப்பில் இருந்தன.”

பொய் இல்லை. ஒரு சொல் கூடப் பொய் இல்லை.

யாராவது ஒருவர் “நான் இருக்கேன்” என்று ஒப்புக்காவது சொல்வார் என்று காத்திருந்தேன். வெறும் வாய் வார்த்தைதான், நானே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். தலைவர், “நீ தெம்பான ஆளு இசக்கி. உன்னால முடியும்” என்றார். சடகோபன் அழுதான். அழுதுகொண்டே சாப்பிட்டான். நான்தான் பரிமாறினேன்.

நாள் 72 · காலை 09:02

கலம் கிளம்பியது. இரண்டு உடல்கள், 154.5 கிலோ. 202 வரை இடமிருந்ததால் எறிந்த பாறை மாதிரிகளில் நாற்பது கிலோவைத் திரும்ப ஏற்றிக்கொண்டார்கள். ஏற்ற நானும் கை கொடுத்தேன்.

கதவு மூடும்போது சடகோபன், “அக்கா, வேளாவேளைக்குச் சாப்பிடுங்க” என்றான்.

நாள் 79 · காலை 08:40

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. 690 கலோரி.

இரண்டு பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். தலைவருக்கு மாலை போட்ட படம் வந்தது. நல்ல உடம்போடுதான் இருக்கிறார்.

பேச்சிமுத்து: “டிவில ஒம் படத்தக் காட்டுனாவ. அடையாளமே தெரியல. இளைச்சு நல்லா இருக்கே பிள்ள.” அதற்கு மேல் பேச முடியாமல் குரல் உடைந்தது. நான் அதை முதல் பாதியோடு நிறுத்திவிட்டு மூன்று முறை கேட்டேன். பத்து வருடமாக இந்த வார்த்தையைத்தானே அந்த மனுசன் வாயிலிருந்து எதிர்பார்த்தேன்.

வடிவு செய்தி அனுப்பவில்லை. கோபமாக இருப்பாள்.

நாள் 83 · காலை 11:30

இன்று பிறந்தநாள்.

பூமி நிலையம்: “அடுத்த கலம் தாமதமாகிறது. 400 நாள் அல்ல, 560. தினசரி உணவை 500 ஆகக் குறைத்துக்கொள்ளவும்.”

டாக்டர் ரோஸ்லின்: “உங்களால முடியும் இசக்கி. இந்தத் திட்டத்தை உங்களை மாதிரி ஒழுங்காக் கடைப்பிடிச்சவங்க யாருமே இல்ல.”

500இல் 560 நாள் எந்த உடம்பும் தாங்காது. அது டாக்டருக்குத் தெரியும். சொல்லும்போது அவர் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமாக ஒரு வருடம் கிடந்து செத்தால் பதிவேடு சுத்தமாக இருக்கும், திட்டம் சரி என்று ஆகும். கடைசி நாள் வரை ஒத்துழைத்தார் என்று எழுதுவார்கள்.

வடிவு: “எம்மா, நான் கோவமா இல்ல. நீ சாப்ட்டியா?”

எண்பத்து மூன்று நாளில் என்னைப் பார்த்து இதைக் கேட்ட ஒரே ஆள்.

நாள் 83 · மதியம் 12:50

குக்கரில் மூன்று பேருக்கான அரிசி போட்டேன். பருப்பைக் குழைய வேகவைத்தேன். அவசரத்துக்கென்று பூட்டி வைத்திருந்த நெய் டப்பாவை உடைத்தேன். கடுகு எண்ணெயில் நீந்தி வெடித்தது. பிறந்தநாளுக்கு வெல்லமும் முந்திரியும் போட்டுப் பாயசம்.

தட்டு ஒன்று. கரண்டியைக் குவித்து எடுத்தேன். அது கோபுரமாக நின்றது, இங்கே சோறுகூட மெதுவாகத்தான் சரியும். முதல் தடவையாக என் தட்டில் போட்டேன். இரண்டாவதும் போட்டேன். மூன்றாவதும். இப்படிச் சாப்பிட்டால் எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியும். நூற்றிருபது.

சுடச்சுட இருக்கிறது. உப்பு சரியாக இருக்கிறது.

வடிவுக்குப் பதில் அனுப்பினேன்: “சாப்ட்டேன் தாயி. வயிறு நெறைய.”

நீங்கள் இங்கே வரும்போது கரண்டி அடுப்புக்கு வலப்பக்கம் மாட்டியிருக்கும். எடுத்து அளந்து பாருங்கள்.

பூமிக்கு அனுப்பிய உணவுப் பதிவேடு, இன்று, 12:50: சோறு, ஒரு கரண்டி.