பாதியில் நின்ற அப்கிரேடு

ஜூன் 12, வியாழன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. டைப்பிங் கடைக்குக் கூட்டம் இல்லாத நாள் என்று பத்து மணிக்கு கம்ப்யூட்டரில் லினக்ஸ் அப்கிரேடு ஆரம்பித்தேன். பழைய பதிப்புக்குப் பாதுகாப்பு அப்டேட் நின்று ஒரு மாதம்.

பதினொன்றே முக்காலுக்கு கரண்ட் போச்சு. மாதாந்திரப் பராமரிப்பாம். எதிர் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை. யூபிஎஸ் இருபது நிமிடம் தாங்கி, கீச்சென்று கத்திவிட்டு உயிரை விட்டது.

மாலை கரண்ட் வந்ததும் போட்டால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. நாற்பத்தொரு பேக்கேஜ், அதாவது மென்பொருள் பொதி, அரைகுறை.

ஜூன் 13, வெள்ளி

புழுக்கம். முதல் வேலை, ஃபைல் எல்லாம் பென்டிரைவில்: பத்திரிகைகள், பத்திர நகல்கள், மனு மாதிரிகள். அப்புறம்தான் ரிப்பேர். பாதியில் நின்றதை முடிக்கச் சொல்லும் கமாண்ட் அடித்தேன். நாற்பத்தொன்று ஆறாகக் குறைந்தது. அந்த ஆறும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன.

மாமா வந்தார். என் வீட்டுக்காரருடைய அண்ணன். கடைக் கட்டிடம் அவருடையது, நான் வாடகைக்கு.

"இன்னாம்மா பத்மா, டிவி கறுப்பா கெடக்குது?"

"அப்கிரேடு மாமா. பாதியில நின்னுட்டுது."

"எனக்குத் தெரிஞ்ச ஆளுகிட்ட விண்டோஸ் காப்பி இருக்குது. எல்லாத்தையும் அழிச்சிட்டு அரை மணி நேரத்துல போட்டுக் குடுத்துடுவான்."

"திருட்டுக் காப்பி என் கடையில வேணாம். நானே சரி பண்றேன்."

மாமாவுக்குக் கோபம். "சரி, திங்கக்கிழம காலைல ஓடட்டும், கடை உன்னுது. ஓடலன்னா செல்போன் கடைக்காரரு கேட்டுக்கினே இருக்காரு, அவருக்கு வுட்டுடுவேன்."

பதினோரு வருடக் கடை. பயமாக இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

ஜூன் 14, சனி

வெயில். தூசி. செல்போன் நெட்டில் ஒவ்வொரு பேக்கேஜாக மறுபடி இறக்கினேன். ஐந்து வழிக்கு வந்தன. ஆறாவது, பிரிண்டருடையது, மசியவே இல்லை. திட்டித் தீர்த்தேன், காது கேட்காது என்று தெரிந்தும்.

வீட்டிலிருந்து இவர் ரெண்டு தடவை போன். "பொழுது சாயப்போவுது, வந்து சாப்டுட்டுப் போ."

"தொண்ணூறு பர்சென்ட் வந்துட்டுது, அஞ்சே நிமிஷம்."

அந்த ஐந்து நிமிடத்தில் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிவிட்டது. நாங்கள் சமணர்; எங்கள் நயினார் வீட்டில் பொழுது சாய்ந்தபின் சாப்பாடு கிடையாது. நாளைக் காலை வரை பட்டினி. தொண்ணூற்றிரண்டில் நெட்டும் நின்றது. ஒரு பிரிண்டருக்காக ஒரு வேளைச் சோறு போச்சு. விடுவேனா?

ஜூன் 15, ஞாயிறு

காலை. ஏழு இட்லி. கணக்குத் தீர்ந்தது.

மூன்று நாளாக எர்ரரின் கடைசி வரியை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன். இன்று முதல் வரியிலிருந்து. நடுவில் ஒரு வரி: அந்தப் பேக்கேஜ் பூட்டப்பட்டிருக்கிறது.

யார் பூட்டியது?

நான். மூன்று வருடம் முன்பு ஒரு அப்டேட்டில் பிரிண்டர் படுத்துவிட்டது. கல்யாணப் பத்திரிகை ஆர்டர் நேரம். பழையதை ஏற்றி, இனி எவனும் தொடக்கூடாது என்று பூட்டிவிட்டேன். மறந்தும் போனேன். இத்தனை நாள் கரண்ட்காரரைத் திட்டினேன், நெட்டைத் திட்டினேன். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

பூட்டை எடுத்தேன். மளமளவென்று உள்ளே போயிற்று. பிரிண்டரை நீக்கி, மறுபடி சேர்த்து, சோதனைப் பக்கம் கொடுத்தேன். கரகரவென்று வந்தது, கறுப்பு கொஞ்சமும் மங்காமல். இவரிடம் காட்டினேன். "வெறும் கோடா இருக்குதே," என்றார். இவருக்கு என்ன தெரியும்!

ஜூன் 16, திங்கள்

லேசான மேகம். ஒன்பதுக்கே மாமா, கூடவே செல்போன் கடைக்காரர், கையில் அளவு டேப். ஷோகேஸ் எங்கே வைப்பது என்று வாசலிலேயே பேச்சு.

"உக்காருங்க மாமா, ஒரு நிமிஷம்." முன்பே அடித்து வைத்திருந்ததை பிரிண்ட் கொடுத்தேன். இரண்டு பக்கம். சூடாக அவர் கையில்.

"ஓடுதா! இன்னா இது?"

"வாடகை ஒப்பந்தம். எம்பேர்ல. இத்தினி வருஷம் வாய்ப்பேச்சுலயே ஓட்டிட்டோம். ஓடுனா கடை உன்னுதுன்னீங்களே."

மாமா படித்தார். மறுபடி படித்தார். பேனாவை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார்.

சாட்சி இரண்டு பேர் வேண்டும். ஒன்று, என்னோடு வந்திருந்த இவர். இன்னொன்று செல்போன் கடைக்காரர்.