எக்கோ விழாத நாற்பது விநாடி

மாஸ்டர்,

நேற்று அடி அண்ணாமலையில் ஒரு காதுகுத்துக்கு மைக் செட் கட்டப் போனேன். வயர்ப் பெட்டிக்குள் கையை விட்டபோது விரலில் ஏதோ இடறியது. கம்பியை மீட்ட நீங்கள் வைத்திருந்த கிடார் பிக். முனை தேய்ந்த, காப்பி நிறப் பிளாஸ்டிக் துண்டு. இதை என் பெட்டியில் போட்டுவிட்டு வீடு முழுக்கத் தேடுவீர்கள். நீங்கள் போய் மூன்று மாதம். எட்டாவதோடு நின்றவன் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களை இந்த ஊருக்கே தெரியவைத்தவன் நான்தான். மறுத்துப் பேச இப்போது நீங்கள் இல்லை. சென்னையில் பெரிய ஓட்டலில் பதினெட்டு வருஷம் ஜாஸ் வாசித்தவர், அண்ணாமலையைப் பார்த்தபடி இருக்கவேண்டும் என்ற உங்கள் வீட்டு அண்ணியின் ஆசைக்காக வேங்கிக்காலில் மாடி வீடு பிடித்தீர்கள். அண்ணி காலமான பிறகும் சென்னைக்குத் திரும்பவில்லை. நீங்கள் பாரிஸில் ஒரு ராஜகுமாரிக்கு வாசித்ததாக நான் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றீர்கள். "பாண்டிச்சேரிய்யா. ஒரு பல் டாக்டர் வீட்டுக் கல்யாணம்" என்றீர்கள்.

அந்த மாடியில் உங்களிடம் கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் நாற்பதைத் தாண்டியவர்கள். கலெக்டர் ஆபீஸ் கிளார்க், ஒரு நர்ஸம்மா, கீழ்பென்னாத்தூர் வேர்க்கடலை வியாபாரி. ஒரே மெட்டை ஒரு மாதம் வாசிக்க வைப்பீர்கள். பிறகு, அதை விட்டு வெளியே போகச் சொல்வீர்கள். வேர்க்கடலைக்காரருக்கு வேர்த்துவிடும், எங்கே போவது என்று கேட்பார். உங்களுக்கே தெரியாத இடத்துக்குப் போங்கள் என்பீர்கள்.

ஜாஸ் என்றால் என்ன என்று நானும் ஒருநாள் கேட்டேன். "நீ கதை வுடுற மாதிரிதான்யா. இருக்கிற விஷயத்துலேர்ந்து கிளம்பி எங்கியோ போறது. ஆனா நான் திரும்பி வந்துடுவேன். நீ வர்றதே இல்ல" என்றீர்கள். மாடியே சிரித்தது. நான் அதை விருது மாதிரி வாங்கிக்கொண்டேன்.

சிரிக்காமல் நீங்கள் சொன்னது வேறு. "ரெண்டு நோட்டுக்கு நடுவுல சும்மா வுடுறேன் பாரு, அங்கதான்யா நான் இருக்கேன்." அப்போது எனக்கு அது புரியவில்லை.

உங்கள் மாணவர்கள் சேர்ந்து சின்னக் கல்யாண மண்டபத்தில் உங்களை ஒரு சாயங்காலம் வாசிக்க வைத்தார்களே, அதற்கும் மைக் செட் என்னுடையதுதான். ஐந்நூறு பேர் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். ஐம்பது பேர், மழைக்கு ஒதுங்கினவர்களையும் சேர்த்து. எக்கோ கூடாது என்று மூன்று நாளாகச் சொன்னீர்கள். சரி என்றேன். ஆனால் எக்கோ இல்லாமல் மைக் கொடுத்தால் செட்டில் கோளாறு என்று நினைக்கிற ஊர் இது. முப்பது வருஷமாக நான் கட்டிய மைக்கில் "பக்தர்கள்" என்று ஒரு தடவை சொன்னால் மலை வரைக்கும் நாலு தடவை போகும். நீங்கள் சுருதி சேர்க்கும்போதே வெறும் கம்பிச் சத்தம் எனக்கு மொட்டையாகக் கேட்டது. உங்கள் பெருமைக்கு இது போதாது என்று நினைத்தேன். நீங்கள் வாசிக்க ஆரம்பித்ததும், மேடையில் உங்கள் பக்கம் இருந்த ஸ்பீக்கர் பெட்டியை விட்டுவிட்டு, கூட்டத்தின் பக்கம் இருந்த பெட்டிகளுக்கு எக்கோவைத் திருப்பினேன். நான் எடுத்த ரெக்கார்டிங்கிலும் அதுதான் விழுந்தது. உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வாசித்ததை நீங்கள் மறுபடி போட்டுக் கேட்பதில்லை.

அடுத்த மாதமே வாதத்தில் உங்கள் இடது கை விழுந்துவிட்டது. மறுபடி வாசிக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில், ரெக்கார்டிங் நன்றாக வந்ததா என்று ஒரே ஒரு முறை கேட்டீர்கள். அமெரிக்காக்காரன் கேட்டால் அசந்துபோவான் என்றேன்.

போன வாரம் உங்கள் மகள் பெங்களூரிலிருந்து வந்தாள். அப்பா வாசித்து வேறு பதிவே இல்லை மாமா, அதைக் கொடுங்கள் என்றாள். அன்று ராத்திரி அதைப் போட்டுக் கேட்டேன். நீங்கள் சும்மா விட்ட இடமெல்லாம் என் மிஷின் கத்திக்கொண்டிருக்கிறது. நீங்கள் இருக்கிற இடத்தில் நீங்கள் இல்லை.

சுத்தமாக இருப்பது தொடக்கத்தில் நாற்பது விநாடிதான். நீங்கள் சுருதி சேர்க்கிறீர்கள், ஆறு கம்பி, ஒவ்வொன்றாக. நடுவில் உங்கள் குரல்: "எக்கோ போட மாட்டல்ல?" பிறகு என் குரல்: "அண்ணாமலையார் சத்தியமா போட மாட்டேன் மாஸ்டர்."

என் குரலை வெட்டிவிட எனக்கு ஒரு நிமிஷம் போதும். மிஷின் கெட்டுப்போச்சு, மழையில் கரண்டு அடித்துவிட்டது என்று சொல்ல அந்த ஒரு நிமிஷமும் வேண்டாம். கதைக்கு எனக்கா பஞ்சம்? கை பட்டன் மேலேயே இருந்தது. வெட்டினால் உங்கள் கேள்வியும் போய்விடும். மறுநாள் அப்படியே கொடுத்தேன்.

அவள் என் கடையிலேயே உட்கார்ந்து கேட்டாள். எக்கோ வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நிறுத்திவிட்டு முதலிலிருந்து போட்டாள். மூன்றாவது தடவை, "இது உங்க குரலா மாமா?" என்றாள்.

"ஆமாம்மா. நான்தான் போட்டேன்."

வேறொன்றும் சேர்க்கவில்லை. அவளும் திட்டவில்லை. நாற்பது விநாடியை மட்டும் இன்னொரு தடவை கேட்டுவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள்.

என்னிடமும் ஒரு பிரதி இருக்கிறது மாஸ்டர். உங்களைப் பற்றி ஊரெல்லாம் நூறு கதை சொல்கிறேன், இன்னும் சொல்வேன். இது மட்டும் நடந்தபடியே இருக்கிறது. நீங்கள் கேட்கிறீர்கள், நான் பொய் சொல்கிறேன், கடைசிக் கம்பி சுருதிக்கு வருகிறது.