ரோசா மண்ணுக்கு ஊற்றிய தேத்தண்ணி

ஞாயிறு இரவு

இன்று அஜின்கோர்ட்டில் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம். என்னோடு வேலை செய்யும் ரோசாவும் காலையிலேயே வந்துவிட்டாள். பெருவில் கெச்சுவா பேசும் ஒரு மலை மாகாணத்துக்காரி அவள்.

சாப்பாட்டுக்குப் பிறகு பின்வளவில் அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். வாயில் வைப்பதற்கு முன்பே குனிந்து, கொஞ்சத்தைப் புல்லில் ஊற்றினாள். என் வாய் சும்மா கிடக்குமா? எல்லோருக்கும் முன்னால், “பிடிக்காட்டி வச்சிருக்கலாமே, ஏன் ஊத்துறாய்?” என்று ஆங்கிலத்தில் கேட்டுவிட்டேன். அவள் மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

வாசல்வரை கூடப்போன மகள் திரும்பிவந்து கத்தினாள். “அம்மா, ஷீ வாஸ் பிளெஸ்ஸிங் அவர் ஹவுஸ்! எங்கட வீட்டை வாழ்த்தினவா! அவையின்ர ஊரில மலையும் மண்ணும் ஆக்கள் மாதிரியாம். முதல் மண்ணுக்குக் குடுத்திட்டுத்தான் குடிப்பினமாம்.”

போன் அடித்துப் பார்த்தேன். ரோசா எடுக்கவில்லை. நாளைக்கு வேலையில் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

காலையில் பால் பொங்கி, புது அடுப்பெல்லாம் வழிந்தது. ஏன் வீணாக்குகிறீர்கள் என்று அவள் கேட்கவில்லை. எங்களைப் பார்த்துத் தானும் கைகூப்பி நின்றாள்.