பெட்டியில்லாத ப்ராசஸரும் படகு கிரீஸும்

நேற்று உன் மகள் அபி எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். "மாமா, இதுல எதையாச்சும் மாத்தணுமா பாருங்க." கேம் விளையாட அவளே பாகம் பாகமாக வாங்கி ஒரு கம்ப்யூட்டர் சேர்க்கப் போகிறாளாம். முதல் வரியில் ப்ராசஸர். அதன் பக்கத்தில் 'பெட்டியோடு' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"இதுக்கு மட்டும் எதுக்கும்மா ரெண்டு கோடு?"

"அப்பா சொல்லிருக்காங்க மாமா. எத எப்படி வாங்குனாலும் இத மட்டும் பெட்டியோட வாங்கணுமாம். இல்லன்னா அவங்க கிரீஸ் தடவுன கதையாயிடுமாம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அப்படியே உன் சிரிப்புடா.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் மனைவி அனுப்பிய வறுத்த நெத்திலிப் பொட்டலம் மேஜைமேல் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நீ கண்ணை மூடி ஏழு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு தடவைகூட நேராகச் சொல்லாத ஒன்றை இப்போது காகிதத்தில் எழுதுகிறேன். நீ படிக்கப் போவதில்லை என்று தெரியும். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்.

அந்த வருஷம் நமக்கு இருபத்தொரு வயது. நான் பட்டம் வாங்கிவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டபடி, காரைக்காலை அடுத்த பூவத்தில் அப்பாவின் கண்ணில் படாமல் பகலைக் கழித்துக்கொண்டிருந்தேன். நீ பன்னிரண்டோடு படிப்பை நிறுத்திவிட்டு உன் அண்ணனின் விசைப்படகில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தாய். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த பிரவுசிங் சென்டரில்தான் நாம் பழகினோம். பக்கத்துப் பக்கத்து நாற்காலி, ஒரே கார் பந்தயம். நீ கடைசி வளைவில் இருக்கும்போது பார்த்து, "டைம் முடிஞ்சிருச்சு தம்பி" என்று கடைக்காரர் ஸ்கிரீனைப் பூட்டுவார். நீ வெளியே வந்து காறித் துப்பிவிட்டு, "ஒரு நாளைக்கு நம்ம சொந்த மெஷின்ல முழு ரேஸும் ஓட்டுறேன் பாருடா" என்பாய்.

அதற்கு உனக்கு நேரம் கிடைப்பது மீன்பிடித் தடைக்காலத்தில் மட்டும்தான். சித்திரையில் தொடங்கி நாற்பத்தைந்து நாள் விசைப்படகுகள் கரையோடு நின்றுவிடும். மற்ற நாளெல்லாம் கடலுக்குள் போனால் நாலைந்து நாள், திரும்பி வந்தால் எஞ்சினும் தூக்கமும். அதனால் தடை தொடங்கிய அன்றே வேலையை ஆரம்பித்து, முடிவதற்குள் ஆசை தீர விளையாடிவிட வேண்டும் என்று பேசிக்கொண்டோம். எனக்கு அது ஒரு பொழுதுபோக்கு. உனக்கு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் விடுமுறை. அந்த வித்தியாசம் அப்போது என் மண்டைக்கு ஏறவில்லை.

கம்ப்யூட்டர் விஷயத்தில் நான்தான் பெரிய புலி. மாதாமாதம் ஒரு பத்திரிகை வாங்கி, அதில் வரும் பெயர்களையெல்லாம் மனப்பாடம் செய்து உன்னிடம் ஒப்பிப்பேன். நம் இருவர் பணத்தையும் சேர்த்து, அதற்குள் அடங்குகிற மாதிரி ஒரு நோட்டில் பட்டியல் எழுதினேன். நீலவிளக்கு எரிகிற கண்ணாடி வைத்த வெளிக்கூட்டை, கேபினட்டைத்தான் முதலில் எழுதினேன். நீ என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி அதை அடித்தாய்.

"எஞ்சினுக்குச் செலவு பண்ணுடா. பெயிண்டெல்லாம் அப்புறம் அடிச்சுக்கலாம்."

கிராபிக்ஸ் கார்டுதான் எஞ்சின் என்று நீயே முடிவு செய்துவிட்டாய், அது சரியாகவும் இருந்தது. மானிட்டர் பழையது போதும் என்றாய். கரண்டு கொடுக்கிற எஸ்.எம்.பி.எஸ்.ஸில் நான் கையை இறுக்கப் பார்த்தேன். "டீசல் ஒழுங்கா வராம எஞ்சின் எப்படிடா ஓடும்?" என்று ஒரு சத்தம் போட்டாய். அதிலும் நல்லதையே எழுதினோம். ஒரு புத்தகமும் படிக்காமல் இதையெல்லாம் சொன்னாய். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் எரிச்சல்தான்.

அதனால்தானோ என்னவோ, ப்ராசஸரில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டி, மேலே உட்காரும் விசிறி எதுவும் இல்லாமல் உதிரியாக விற்கும் ப்ராசஸர் விலை குறைவு. மிச்சமாவதில் கிராபிக்ஸ் கார்டை ஒரு படி உயர்த்தலாம் என்பது என் திட்டம்.

"பெட்டி இல்லாத சாமான் வேணாம்டா. நமக்குத் தெரியாத ஏதாச்சும் ஒண்ணு பெட்டிக்குள்ள இருக்கும்."

"உனக்கு என்னடா தெரியும்? வெறும் அட்டைக்குக் காசு குடுக்கச் சொல்றியா?"

நீ தோளைக் குலுக்கிவிட்டு, "சரி, நீ படிச்சவன்" என்றாய். கிண்டலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே நம்பித்தான் சொன்னாய்.

பணம் சேர இழுத்துக்கொண்டே போய், தடையில் பாதி நாள் கழிந்த பிறகுதான் பாண்டிச்சேரிக்குப் போய் எல்லாவற்றையும் வாங்கினோம். விசிறிக்கு, கடைக்காரர் மேஜை டிராயரிலிருந்து பழையது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். திரும்பும் பஸ்ஸில் கேபினட்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாய். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொன்னார். "கைக்குழந்தைக்கு எங்கயாச்சும் டிக்கெட் உண்டாங்க?" என்று நீ கேட்டதும் முன்சீட்டில் இருந்த அம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். டிக்கெட் எடுத்தோம், அது வேறு கதை. சிதம்பரம் தாண்டி நான் தூங்கிவிட்டேன். நீ காரைக்கால் வரும்வரை தூங்கவில்லை.

எங்கள் வீட்டு முன்னறையில் பாயை விரித்துச் சேர்க்க உட்கார்ந்தோம். என் கையிலிருந்து திருகாணி நழுவி நழுவி விழுந்தது. உன் கையில் ஒன்றுகூட நழுவவில்லை. என் பத்திரிகைப் படத்தை ஒரு பார்வை பார்ப்பாய், திருகாணியை வைத்து முறுக்குவாய், அது போய் உட்காரும். ப்ராசஸர்மேல் சூட்டை உறிஞ்சும் அலுமினியக் கட்டையையும் விசிறியையும் வைக்கிற இடம் வந்ததும் நிறுத்தினாய்.

"நடுவுல ஒண்ணும் வைக்க வேணாமாடா? ரெண்டு இரும்ப இப்படி மொட்டையாவா சேக்குறது?"

ஏதோ ஒரு பசை தடவ வேண்டும் என்று எங்கேயோ படித்த ஞாபகம். அது என்ன பசை, எங்கே கிடைக்கும், எதுவும் எனக்குத் தெரியாது. அது பெட்டியோடு வருகிற விசிறியிலேயே ஒட்டியிருக்கும் என்பதும் தெரியாது. 'தெரியலடா, கேட்டுட்டு வருவோம்' என்று சொல்லியிருக்கலாம். என் வாய்க்கு அது வரவில்லை.

"கிரீஸ் தடவணும்டா" என்றேன்.

"எந்த கிரீஸு?"

"கிரீஸ்ல என்னடா எந்த கிரீஸு? நல்லதாப் பாத்து எடுத்துட்டு வா."

அந்த வெயிலில் டி.வி.எஸ்.ஸை எடுத்துக்கொண்டு, படகு கட்டியிருந்த அரசலாற்றங்கரைக்குப் போனாய். உன் அண்ணன் படகு எஞ்சினுக்கென்று பூட்டி வைத்திருந்த புது டப்பாவைக் கொண்டுவந்தாய். இரண்டு விரலால் வழித்து, இட்லிக்குப் பொடி அப்புகிற மாதிரி அப்பினாய். "கடக்காத்துடா. உப்பு ஏறாம இருக்கணும்ல" என்று ஓரத்தையெல்லாம் சுற்றித் தடவினாய். கடல் ஓரத்தில் இரும்பை வைத்துப் பிழைக்கிறவன் எதைச் செய்வானோ அதைத்தான் செய்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் கொஞ்சம் போடு" என்றேன்.

திரை எரிந்தபோது நீ என்னைத் தூக்கிச் சுற்றியதில் அம்மா சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். பந்தயத்தைப் போட்டோம். பத்து நிமிஷம் ஓடியது. பொட்டென்று அணைந்தது. மறுபடி போட்டோம், மறுபடி அணைந்தது.

அதற்குப் பிறகு ஒரு வாரம், பத்து நாள் என்று உன் விடுமுறை கரைந்தது. நான் நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன், எதையெதையோ அழித்து ஏற்றினேன். கிராபிக்ஸ் கார்டு கோளாறு என்று ஒரு நாள், கரண்டு கோளாறு என்று மறுநாள். நீ தினமும் காலையில் வந்து, ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்திருப்பாய். நடுவில் ஒரு நாள் மூக்கை உறிஞ்சி, "எங்க போட்டு எஞ்சின் வாசனை வருதுடா" என்றாய்.

"உன் சட்டையிலேருந்து வருது. குளிச்சுட்டு வாடா" என்றேன்.

விளையாட்டாகத்தான் சொன்னேன். நீயும் சிரித்தாய். மறுநாள் தலையில் ஈரத்தோடு, துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்தாய். 

கடைசியில் காரைக்காலில் ஒரு ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். கடைக்கார அண்ணன் கேபினட்டைத் திறந்து, விசிறியைக் கழற்றினார். கிரீஸ் உருகி போர்டு முழுக்க வழிந்திருந்தது. ஒரு விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு உள்ளே இருந்த எல்லாரையும் கூப்பிட்டார்.

"டேய், இங்க வந்து பாருங்கடா. ப்ராசஸருக்கு ஆயில் சர்வீஸ் பண்ணிருக்காங்க!"

நாலைந்து பேர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். "யாருப்பா இந்த வேலையப் பாத்தது?" என்று அவர் கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"இவன்தாங்க" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "போட்டுல வேல பாக்குறவன். எதுக்கெடுத்தாலும் கிரீஸ்தான் இவங்களுக்கு" என்றும் சொன்னேன்.

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. நீ சொல்லப் போகிறாய், 'அடப்பாவி, நீதானேடா சொன்னே' என்று எல்லார் முன்னாலும் கேட்கப் போகிறாய் என்று எனக்குக் காது சூடானது.

"ஆமாங்கண்ணே. எனக்குத் தெரியாதுங்க" என்றாய்.

அவர் எல்லாவற்றையும் துடைத்து, சின்னக் குழாயிலிருந்து ஒரு பொட்டுப் பசையை வைத்து, மூடிக் கொடுத்தார். "நல்லவேளை, போர்டு பொழச்சுது" என்றார். நீ கேபினட்டைத் தூக்கிக்கொண்டு வந்து வண்டியில் எனக்கு முன்னால் வைத்தாய். "நீ கெளம்பு. எனக்கு எறங்குதளத்துல வேல கெடக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தாய். வீட்டுக்கு வந்து போட்டால், நிற்காமல் ஓடுகிறது. முழுப் பந்தயத்தையும் நான் தனியாக ஓட்டினேன்.

ஐந்து நாள் நீ வரவில்லை. ஆறாம் நாள் உங்கள் தெருவுக்கு வந்தேன். வலை தைத்துக்கொண்டிருந்தாய். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டுதான் வந்தேன்.

"டேய், அன்னைக்குக் கடையில..."

"விடுடா. மெஷின் ஓடுதா?"

"ஓடுது."

"அப்ப வா, போவோம்" என்று ஊசியை வலையிலேயே செருகிவிட்டு எழுந்தாய். தடை முடிய மூன்று நாள்தான் இருந்தது. அந்த மூன்று நாளும் விளையாடினாய். கார் திரும்புவதற்கு முன்னாலேயே வளைத்து வளைத்துச் சுவரில் முட்டுவாய். போட்டு சுக்கான் பிடிக்கிற பழக்கம் என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். நீ 'விடுடா' என்றதும் நான் விட்டுவிட்டேன். விட்டிருக்கக் கூடாது.

அதன்பிறகு எத்தனை வருஷம்! உன் கல்யாணம், என் கல்யாணம், கடலை விட்டுவிட்டுக் கீழவாஞ்சூர் சாலையில் நீ போட்ட லாரி ஒர்க்‌ஷாப். எங்கே நாலு பேர் சேர்ந்தாலும் கிரீஸ் கதையை நீ எடுத்துவிடுவாய். 'நான் போயி போட்டு கிரீஸ அப்பிட்டேங்க, இவன் பாவம் பத்து நாளு மண்டைய ஒடச்சுக்கிட்டான்' என்பாய். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்கும்போது உன் கண்ணைப் பார்க்க மாட்டேன். சொன்னவன் நான் என்பது கதையில் ஒரு தடவையாவது வந்துவிடுமோ என்று பயந்து பயந்து கேட்பேன். ஒரு தடவையும் வரவில்லை. உனக்கு மறந்துவிட்டது என்று சில சமயம் என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன். பல வருஷத்துக்கு முன்னால் கழற்றிய நட்டைக்கூட மறக்காதவன், நீயாவது மறப்பதாவது.

நேற்று அபி சிரித்து முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு சொன்னேன். "அபி, கிரீஸ் தடவச் சொன்னது நான்தாம்மா. உங்கப்பா என்ன வைக்கணும்னு கேட்டான். எனக்குத் தெரியாது. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். கடையில எல்லாரும் சிரிச்சப்ப அவன் மேல பழியப் போட்டுட்டேன்." கடையில் நான் சொன்ன வார்த்தையையும் அப்படியே சொன்னேன். மென்று முழுங்கினால் மறுபடி அதே தப்புதானே.

 அவள் தாளை மடித்தாள், பிரித்தாள்.

"அப்பாவுக்கு இது தெரியும்தானே மாமா?"

"தெரியும்மா. தெரிஞ்சுதான் பழிய அவன் தலையில போட்டுக்கிட்டான்."

"எங்கிட்டகூட மாத்திதானே சொன்னாங்க" என்றாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். என்மேல் கோபப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும். என்னை ஒரு வார்த்தை திட்டாமல் இருப்பது உன்னிடமிருந்து வந்த குணம் போல.

பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தாளை மறுபடி விரித்தாள். கிராபிக்ஸ் கார்டு இருந்த வரியில் விரலை வைத்தாள். அவள் எழுதியிருந்த இரண்டும் புதிதாக வந்தவை. பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

"இந்த ரெண்டுல எது நல்லாருக்கும் மாமா?"

உன் பெண், உன்னைப் போலவே நம்பிக் கேட்கிறாள். எனக்கு அதே பழைய நாக்கு ஒரு நொடி துறுதுறுத்தது, பொய் சொல்வானேன்.

"எனக்குத் தெரியாதும்மா" என்றேன். "தெரிஞ்சவங்களக் கேட்டுச் சொல்றேன்."

'தெரியாது' என்ற அந்த வார்த்தை உன்னுடையது. எனக்காக நீ ஒரு கடையில் சொன்னது. அதை நானாகச் சொல்ல எனக்கு இவ்வளவு காலம் ஆகியிருக்கிறது, பாரேன்.