தொட்டுச் சொன்ன கோ

6.7.1987, திங்கள்

பி.இ.டி. மாஸ்டர் மாற்றலாகிப் போய்விட்டார். பதிலுக்கு யாரும் வரவில்லை. வருவார்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. இன்று ஆசிரியர் கூட்டத்தில் தலைமையாசிரியர் அறிவுச்செல்வன் சார் வேலைகளைப் பங்கு போட்டார். இலக்கிய மன்றம் தமிழய்யாவுக்கு. அறிவியல் கண்காட்சி சயின்ஸ் டீச்சருக்கு. என் முறை வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

“விஜயலட்சுமியம்மா, பொண்ணுங்க கோ-கோ டீம் உங்க பொறுப்பு.”

“நான் கணக்கு டீச்சர் சார்!”

“கோ-கோவுல பாயின்ட் எண்ணணும் இல்ல? அதுவும் கணக்குதான்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

11.7.1987, சனி

உளுந்தூர்பேட்டையிலிருந்து இவர் வந்தார். தபாலாபீசில் ஆறு நாள் உட்கார்ந்து உட்கார்ந்து, சனிக்கிழமை வந்தாலே வாய் நீளும். விஷயத்தைச் சொன்னேன். “நீயா? ரோட்டத் தாண்டறதுக்கே என் கையப் புடிச்சிக்குவ!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

சரி. பார்த்துக்கொள்கிறேன்.

20.7.1987, திங்கள்

ஓட்டப் பந்தயம் வைத்து ஆள் எடுத்தேன். மூன்று பேர்தான் என் கண்ணில் நின்றார்கள். ஊர்த் தெரு ஆண்டாள். கண்ணாயிரத்தின் மூத்த மகள், பத்தாவது, குரலே ஒரு கண்டக்டர் குரல். காலனியிலிருந்து வரும் செந்தமிழ்ச்செல்வி. அவளும் பத்தாவது, வகுப்பில் ‘தமிழு’. மூன்றாவது, மலைப் பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கும் வெள்ளச்சி, ஒன்பதாவது. கல்வராயன் மலையில் பிறந்தவளுக்கு நம் மைதானம் ஒரு பொருட்டா? ஓடி முடித்துவிட்டு, “இவ்ளோ தானா டீச்சர்?” என்று கேட்டாள்.

ஆட்டம் எனக்கே இன்றுதான் பிடிபட்டது. எட்டுப் பேர் ஒரே வரிசையில் குந்தியிருக்க வேண்டும், ஒருத்தி இந்தப் பக்கம் பார்த்து, அடுத்தவள் அந்தப் பக்கம் பார்த்து. ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரியைத் துரத்துகிறாள். தனக்கு எட்டாது என்றால், குந்தியிருப்பவளின் முதுகைத் தொட்டு ‘கோ’ என்று கத்த வேண்டும். இவள் உட்கார, அவள் எழுந்து துரத்த வேண்டும். அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன், ஆனால் கத்திக் கத்தி எனக்குத்தான் தொண்டை போய்விட்டது.

என் நிபந்தனை ஒன்று: கணக்கில் தோற்றவள் வரிசையில் உட்காரக் கூடாது. எல்லோர் முகமும் வாடியது. ஆண்டாள் முகம் ஜாஸ்தியாகவே வாடியது.

4.8.1987, செவ்வாய்

இன்று ஒன்றைக் கவனித்தேன். இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டேன்?

ஆண்டாள் மற்றவர்களுக்குக் கோ கொடுக்கும்போது முதுகில் ‘பட்’டென்று விழுகிறது. தமிழுக்குப் பின்னால் வந்தால் மட்டும் கை காற்றிலேயே நின்றுவிடுகிறது. வாய் மட்டும் ‘கோ’ என்கிறது. ஆண்டாள் மட்டுமில்லை, ஊர்த் தெருப் பெண்கள் எல்லோருமே அப்படித்தான். தமிழும் அதற்கே எழுந்து ஓடுகிறாள்.

ஆட்டத்தை நிறுத்தினேன். “தொடாம கோ சொன்னா தப்பாட்டம். அம்பயர் விசில் ஊதுவார்” என்றேன். அது மட்டுமா தப்பு? ஆனால் அதை மட்டும்தான் சொன்னேன்.

ஆண்டாள் காலால் மண்ணைக் கீறினாள். “வேணும்னு பண்ணல டீச்சர். பழக்கமில்ல.”

தமிழு திரும்பிக்கூடப் பார்க்காமல், குந்தியபடியே சொன்னாள்: “நல்லா அடிச்சே சொல்லுடி. அப்பதான் எனக்கும் எழுந்துக்க வேகம் வரும்.”

அடுத்த சுற்றில் விழுந்த அடியில் தமிழு முன்னால் கவிழ்ந்தாள். இரண்டு பேரும் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது.

29.8.1987, சனி

இந்த மாதம் எப்படிப் போனது என்றே தெரியவில்லை. சுதந்திர தினம், பேச்சுப் போட்டி, இடைத் தேர்வு, அறிவியல் கண்காட்சி. கண்காட்சியில் எல்லோரும் தெர்மோகோலில் எரிமலை செய்திருக்க, வெள்ளச்சி தன் ஊரிலிருந்து சாமை, தினை, வரகு எல்லாம் கொண்டுவந்து, ஒவ்வொன்றையும் முளைக்க வைத்து வரிசையாக அடுக்கியிருந்தாள். சங்கராபுரத்திலிருந்து வந்த அதிகாரி அவளிடமே நின்றுவிட்டார். முதல் பரிசு!

மாலைப் பயிற்சியில் வரிசையில் குந்தியபடியே வாய்ப்பாடும் சூத்திரமும் ஒப்பிக்கிறார்கள். நான் சொல்லிக் கொடுத்ததில்லை, ஆண்டாளின் யோசனை. ‘ஏ ஸ்கொயர் பிளஸ் டூ ஏபி... கோ!’ ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்க்கிறார்கள்.

17.9.1987, வியாழன்

சாலை மறியல் தொடங்கிவிட்டது. படிப்பிலும் வேலையிலும் தங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஊர்த் தெருக்காரர்கள் இறங்கியிருக்கிறார்கள், ஒரு வாரம் நடக்குமாம். சங்கராபுரம் ரோட்டில் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருக்கிறார்கள். பஸ் இல்லை. திங்கட்கிழமை காலாண்டுத் தேர்வு, வட்டார விளையாட்டுப் போட்டி, எல்லாம் தள்ளிவைப்பு. விடுதியையும் மூடி வெள்ளச்சியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இவர் உளுந்தூர்பேட்டையில் மாட்டிக்கொண்டிருப்பார். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாரோ.

20.9.1987, ஞாயிறு

ஆண்டாளின் அப்பா கண்ணாயிரத்தை மறியலில் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. இந்தப் பக்கமிருந்து நிறையப் பேர். கடலூர் ஜெயில் என்கிறார்கள். வேறு ஊர்களில் துப்பாக்கிச் சூடாம். எங்கோ காலனி வீடுகளுக்குத் தீ வைத்தார்களாம். எது உண்மை, எது வதந்தி? இங்கே ஒன்றும் எரியவில்லை. ஆனால் ஊரும் காலனியும் பேச்சை நிறுத்திவிட்டன. காலனிப் பிள்ளைகள் ஊர்த் தெரு வழியாகத்தான் பள்ளிக்கு வர வேண்டும். இனி வருவார்களா?

21.9.1987, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் வெள்ளச்சி! கூடவே அவள் அப்பா சின்னப்பையன். முழங்கால் வரை சேறு.

“பரிச்ச இன்னிக்குத் தானே டீச்சர்?”

தேர்வைத் தள்ளி வைத்த சேதி மலைக்குப் போகவே இல்லை. நேற்றே புறப்பட்டு, மலையை நடந்தே இறங்கி வந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் வருகிறது, அழுகையும் வருகிறது.

“ரோட்டத் தானே மறிச்சிருக்காங்க. நமக்கு ரோடு என்னாத்துக்கு?” என்றார் சின்னப்பையன். இரண்டு தோசை தின்றுவிட்டு, மகளை என்னிடம் விட்டுவிட்டு, அப்படியே மலையேறிவிட்டார். விடுதி திறக்கும்வரை இவள் என்னோடுதான்.

28.9.1987, திங்கள்

பள்ளி திறந்து நாலு நாள். காலனியிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை. ஆண்டாளும் மற்ற ஊர்த் தெருப் பெண்களும் வகுப்புக்கு வருகிறார்கள், மைதானத்துக்கு வருவதில்லை. என் வரிசையில் இப்போது மிஞ்சியிருப்பது வெள்ளச்சி ஒருத்திதான்.

சாயந்திரம் வீடு வீடாகப் போனேன். ஆண்டாளின் அம்மா ரங்கம்மாள் மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அவுரு உள்ள கீறாரு டீச்சர். இந்த நேரத்துல எம்பொண்ணு காலனிப் பொண்ணுங்களோட தொட்டு ஆடிக்கினு இருந்தா ஊர்ல இன்னா பேசுவாங்க? நான் ஒருத்தி, யாருக்குன்னு பதில் சொல்லுவேன்?”

காலனியில் தமிழின் அம்மா ராணியம்மாள் என்னை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்தாள். “ஆட்டத்த வுடுங்க டீச்சர். பள்ளிக்கூடமே வேணாம்னு பாக்கறேன். தெருவுல யாரனா ஒன்னு சொன்னா, நாங்க போயி யாரக் கேக்கறது?”

இரண்டு பேர் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. இரண்டு பேருக்கும் பயம். நான் யாரைத் திட்டுவது?

30.9.1987, புதன்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது!

காலை மணி அடிக்கப் போகிற நேரம். கேட்டில் நிற்கிறேன். ஊர்த் தெருவிலிருந்து ஆண்டாள் வருகிறாள். அவள் பக்கத்தில் தமிழு. பின்னால் காலனிப் பிள்ளைகள் அத்தனை பேரும், சின்னதும் பெரிசுமாக.

பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆண்டாள் விடிந்ததும் காலனி முனையில் போய் நின்று, அந்தக் கண்டக்டர் குரலில், “தமிழு! நேரமாவுது, வாடி!” என்று கத்தியிருக்கிறாள். ராணியம்மாள் வெளியே வந்து பார்த்திருக்கிறாள். “நான் இட்டுக்கினு போறேன், நானே இட்டாந்து வுடறேன்” என்றாளாம் இவள். தெருவில் யாரோ காறித் துப்பினார்களாம். “எந்தப் பக்கம் துப்பினாங்கன்னு தெரில டீச்சர், நாங்க கூட்டல் கழித்தல் பேசிக்கினு வந்தோம்” என்கிறாள்.

1.10.1987, வியாழன்

ஆண்டாள் கையில் விளக்குமாற்று அடி, சிவந்து தடித்திருக்கிறது. ரங்கம்மாள்தான். அட என்னம்மா இது, பெத்த பொண்ண இப்படியா... என்ன எழுதறதுன்னே தெரியல. என்னாலதானே? நான் போய் அவ வூட்டுக் கதவத் தட்டாம இருந்திருந்தா?

“வலிக்குதாடி?”

“அம்மாவும் அழுதுச்சு டீச்சர்” என்றாள். இன்று காலையும் காலனி முனைக்குப் போய்த்தான் வந்திருக்கிறாள்.

9.10.1987, வெள்ளி

கண்ணாயிரம் ஜாமீனில் வந்துவிட்டார். இன்று மாலை மைதானத்துக்கே வந்தார். தாடியும், துண்டுமாக. வேலியோரம் நின்றார். ஒருத்தி ஒருத்தியாகப் பெண்கள் பயிற்சிக்குத் திரும்பி நாலு நாள்தான் ஆகிறது.

ஆண்டாள்தான் அப்போது துரத்திக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. அவளுக்கு முன்னால் குந்தியிருந்தது தமிழு. ஆண்டாள் அப்பாவைப் பார்த்தாள். பிறகு உள்ளங்கையைத் தமிழின் முதுகில் பதித்து, “கோ!” என்று கத்தினாள்.

அவர் போகவில்லை. ஆட்டம் முடியும்வரை நின்றார். பிறகு என்னிடம் வந்தார்.

“டீச்சர், நான் உள்ள போயி உக்காந்தது இதுங்க படிச்சி மேல வரணும்னுதான். அத இவ எங்கிட்டயே சொல்றா. ‘எனக்காவத்தானே போன, அப்ப நான் ஆடறேன், வுடு’ன்றா.” துண்டால் முகத்தைத் துடைத்தார். “ஊர்ல பேசறாங்க. தோத்துட்டு வந்தா இன்னும் ஜாஸ்தி பேசுவாங்க. ஜெயிப்பாங்களா?”

“ஜெயிப்பாங்க” என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன்?

“அப்ப ஆடட்டும்.”

16.10.1987, வெள்ளி

ஜெயித்துவிட்டோம்! கள்ளக்குறிச்சியில், வட்டாரப் போட்டியில், ஜெயித்துவிட்டோம்!

இறுதி ஆட்டம் டவுன் பள்ளியோடு. அவர்களுக்கு வெள்ளை ஷூ, ஒரே மாதிரி ரிப்பன். நம் பெண்கள் வெறுங்கால். முதல் பாதியில் பின்தங்கினோம். ஆண்டாள் வரிசையைக் கூப்பிட்டுத் திட்டினாள். நான் திட்ட நினைத்ததையெல்லாம் அவளே திட்டிவிட்டாள். இரண்டாம் பாதியில் வெள்ளச்சியை அவர்களால் தொடவே முடியவில்லை. வளைந்து வளைந்து, முயல் மாதிரி ஓடினாள். பார்க்க வந்த டவுன் ஜனங்களே அவளுக்குக் கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

கடைசியில் இரண்டு பக்கமும் சமம். நாங்கள் துரத்துகிறோம். எதிரணியின் நெட்டைப் பெண் வரிசை முனையிலுள்ள கம்பத்தைப் பிடித்துச் சுற்றுகிறாள். நேரம் முடியப் போகிறது. ஆண்டாள் ஓடி வந்து, தமிழு முதுகில் தட்டி ‘கோ!’ தமிழு எழுந்தாளா, பறந்தாளா? கம்பத்தோரம் மண்ணில் அப்படியே பாய்ந்தாள். விரல் நுனி நெட்டைப் பெண்ணின் குதிகாலில். விசில்!

நான் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை. செருப்பில்லாமல் மைதானத்தின் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்ததாகத் தலைமையாசிரியர் சொல்கிறார். தமிழின் முழங்கை முழுவதும் ரத்தம். ஆண்டாள் தன் தாவணியைக் கிழித்துக் கட்டினாள். “எங்கம்மா கேட்டா உன் பேரத்தான் சொல்லுவேன்” என்றாள்.

26.10.1987, திங்கள்

காலாண்டுத் தாள் திருத்தி முடித்தேன். கோ-கோ வரிசையில் ஒருத்திகூடக் கணக்கில் தோற்கவில்லை. தமிழு வகுப்பிலேயே முதல். ஆண்டாள்? தேறிவிட்டாள். அதுவே ஒரு வெற்றிதான்.

28.11.1987, சனி

கடலூர். மாவட்டப் போட்டி. மழை பெய்து மைதானம் சொதசொதவென்றிருந்தது. அரையிறுதியில் ஜெயித்தோம், இறுதியில் ஒரே ஒரு பாயின்டில் தோற்றோம். அம்பயர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் நன்றாக ஆடினார்கள்.

பெண்கள் அழுது தீர்த்தார்கள். பிறகு கடற்கரைக்குக் கூட்டிப் போனேன். ஒருத்தியும் கடல் பார்த்ததில்லை. வெள்ளச்சி வாயைப் பிளந்து நின்றாள். “இது எங்க முடியுது டீச்சர்?” அடுத்த நிமிடம் எல்லோரும் கை கோத்து அலையில் நின்றார்கள், தோற்றதே மறந்துபோய்.

எனக்குத்தான் மறக்கவில்லை. கண்ணாயிரத்திடம் என்ன சொல்வேன்?

29.11.1987, ஞாயிறு

பஸ்ஸிலிருந்து இறங்கினால் நிறுத்தத்தில் ஒரு கும்பல். கண்ணாயிரம் முன்னால் நிற்கிறார். கொஞ்சம் தள்ளி ராணியம்மாளும் காலனி ஜனங்களும்.

“ரெண்டாவதுதாங்க வந்தோம்” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

“இன்னா டீச்சர், ‘தான்’னு இழுக்கறீங்க? தென்னார்க்காடு ஜில்லாவுல ரெண்டாவது!” இரண்டாம் பரிசுக் கேடயத்தை என் கையிலிருந்து வாங்கித் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். ஊர்த் தெரு முழுக்க ஊர்வலம். அது முடிந்ததும் கேடயத்தைத் தமிழிடம் கொடுத்து, “உங்க பக்கம் காட்டிட்டு வா” என்றார். அவர் காலனிக்குள் போகவில்லை. ஆனால் ஆண்டாள் போனாள். அவர் தடுக்கவில்லை.

இவர் உளுந்தூர்பேட்டையிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வந்து, கூட்டத்தோடு நின்று, என்னைவிட ஜாஸ்தி கை தட்டிக்கொண்டிருந்தார்.

14.12.1987, திங்கள்

அரையாண்டுத் தேர்வு நடக்கிறது. பயிற்சிக்கு விடுமுறை என்று சொல்லியிருந்தேன். ஆனாலும் மாலையில் மைதானத்தில் சத்தம். எட்டிப் பார்த்தேன். ஆறாவது ஏழாவது வகுப்புப் பொடிசுகள், எந்தத் தெரு என்று பார்த்துச் சொல்ல முடியாதபடி கலந்து, வரிசையாகக் குந்தியிருக்கின்றன. தமிழு விசிலை வாயில் வைத்துக்கொண்டு மிரட்டிக்கொண்டிருக்கிறாள்.

ரங்கம்மாள் தன் சின்ன மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இதுவும் ஆடணும்னு அழுவுது டீச்சர். சேத்துக்குவீங்களா?”

“நான் எங்க சேக்கறது? அதோ, தமிழுதான் இப்ப டீச்சர். அவளக் கேளுங்க.”

ரங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, மகளோடு மைதானத்துக்குள் நடந்தாள்.

“தமிழு,” என்றாள், “இவ எங்க உக்காரணும்னு சொல்லும்மா.”