எதிர்ப்பக்கம் சுற்றிய பொட்டு

செங்கம் ரோடு,
திருவண்ணாமலை.

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் சுகம்.

நேற்று என்னைக் காப்பாற்றியது ஒரு ஸ்டிக்கர் பொட்டுதான். ஓவியா அக்கா தன் பட்டறையில் ஒரு குட்டி எஞ்சினை முதல் முறையாக என்னையே பூட்டச் சொல்லியிருந்தார். வால்வைத் தூக்கிவிடும் முட்டை வடிவக் கேம்களையும் நானே பொருத்தினேன். எவ்வளவு சுற்றிவிட்டும் எஞ்சின் ஓடவில்லை. ஊருக்கே அனுப்பிவிடுவாரோ என்று பயந்தேன்.

அப்போதுதான், அடையாளத்துக்காகக் கேமில் ஒட்டிய பொட்டு இடப்பக்கமாகச் சுற்றுவதைப் பார்த்தேன். கேமைச் சுற்றிவிடுவது பல்சக்கரம். ஒரு பல்சக்கரம் இன்னொன்றைத் தள்ளினால் அது எதிர்ப்பக்கம்தானே போகும்? மலை சுற்றுகிறவர்களைத் தினமும் பார்த்த பழக்கத்தில், வலமாகச் சுற்றும் என்று பொருத்திவிட்டேன். அக்காவிடம் மெல்லச் சொன்னேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "ஏன்டி, கேமையும் கிரிவலம் அனுப்பிட்டியா? இதுக்கா சாப்பிடாம உக்காந்திருந்தே? கழட்டி மாத்து, நான் டீ போடறேன்."

மாற்றினேன். எஞ்சின் படபடவென்று ஓடியது, அம்மா!

கேமில் ஒட்டியது நீ தந்த அட்டையின் கடைசிப் பொட்டு. யாராவது இந்தப் பக்கம் வந்தால் அதே சிவப்பில் ஒரு அட்டை கொடுத்தனுப்பு. அக்கா கூப்பிடுகிறார். புது அட்டை வரும்வரைக்கும் இருக்கட்டும் என்று, கேமிலிருந்த பொட்டை எடுத்து, எண்ணெயைத் துடைத்து, நெற்றியில் வைத்துக்கொண்டேன்.

உன் சினேகா