துண்டு கட்டிய கண்களும் நாச்சியாபுரத்துக் கோப்பையும்

அன்புள்ள நண்பருக்கு,

நேற்று, ஆவணி இரண்டாம் ஞாயிறு, அலமாரியை ஒழுங்குபடுத்துகையில் உங்கள் சிவப்புத் துண்டு கைக்கு வந்தது. உங்கள் வீட்டார் துவைத்துத்தான் தந்தார்கள். ஆயினும் ஆடுகளத்து மண்வாசனை அதைவிட்டுப் போகவில்லை.

கபடிக் களத்தில் உங்கள் கணுக்கால் பிடிக்குத் தப்பியவர் அரிது. திருக்கோஷ்டியூரிலும் நேமத்தான்பட்டியிலும் நீங்கள் நிற்கும் மூலைக்கு வரவே எதிரணியினர் அஞ்சினர். முழங்கால் முறிந்து ஆட்டம் நின்றபின், நம் கபடிக் கழகத்துப் பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராக வந்தீர்கள். செயலாளர் என்ற முறையில் வரவேற்றவன் நான். அடுத்த வாரமே ஆட்சேபித்தவனும் நான்தான்.

காரணம் இந்தத் துண்டு. பிடிக்க நிற்கும் பெண்ணின் கண்களை இதனால் கட்டி, ‘கபடி கபடி’ என்று பாடி வருபவளின் மூச்சை மட்டும் கேட்கச் சொன்னீர்கள். வேலியோரம் நின்ற டீக்கடைக்காரர், “என்ன செயலாளரே, உறியடிக்கா ஆளு சேக்குறீக?” என்றார். எனக்கு முகம் சுருங்கிற்று. நீங்களோ அணித்தலைவி செல்வியிடம் திரும்பினீர்கள்.

“காலு பொய் சொல்லும் தாயி, மூச்சு சொல்லாது. பாட்டு எப்ப இளைக்குதோ அப்பத்தான் திரும்புவாக. அப்பப் பிடி.”

இரண்டு ஆண்டுகள் கோப்பை ஏதும் வரவில்லை. நாச்சியாபுரத்துப் போட்டியிலும் தோற்றால் உங்களை விலக்குவதென்று கழகக் குழு முடிவெடுத்தது. அதை நானே வந்து சொன்னேன். களத்துக்குத் தண்ணீர் தெளித்திருப்பார்களா என்று மட்டும் கேட்டீர்கள்.

அந்த இறுதியாட்டம் தை மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை. கடைசிவரை நீங்கள் சனிக்கிழமை என்றே சொல்லிவந்தீர்கள், வெள்ளிதான்.

கடைசிப் பாட்டு எதிரணியுடையது. நாம் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். களத்தில் நம் பெண்கள் மூவரே. மூவராய் நின்று பிடித்தால் இரண்டு புள்ளி. தப்பவிட்டால் கோப்பையோடு உங்கள் பொறுப்பும் போகும். நெடிய பெண்ணொருத்தி பாடிக்கொண்டே நம் எல்லைக்குள் வந்தாள். காலை நீட்டினாள், இழுத்தாள், மறுபடி நீட்டினாள். பிடி, பிடி என்று கூட்டம் கத்தியது. செல்வி அசையவில்லை. உற்றுப் பார்த்தேன், அவள் கண்களை மூடியிருந்தாள். பதறி எழுந்த என் சட்டையைப் பிடித்து இழுத்தீர்கள்.

“உக்காருங்க செயலாளரே. அவ கேட்டுக்கிட்டு இருக்கா.”

பாட்டு இளைத்தது. அந்தப் பெண் திரும்பக் குதிகாலைத் தூக்கிய கணத்தில் செல்வி கணுக்காலில் விழுந்தாள். மற்ற இருவரும் மேலே அடைத்தார்கள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இப்பால் பாட்டு அறுந்தது.

மறுநாள் அதே டீக்கடைக்காரர் மகளோடு வந்து நின்றார். “இவ கண்ணையும் கட்டி விடுவீகளா?” என்றார். நீங்கள் துண்டை உதறி அவரிடமே நீட்டினீர்கள்.

அதற்குப் பின் வந்த கோப்பைகளுக்குக் கழகத்து அலமாரி போதவில்லை. இப்போது செல்விதான் பயிற்சியாளர். சித்திரையில் நீங்கள் போய்ச்சேர்ந்தபிறகு என் பார்வையும் மங்கிவிட்டது. நேற்று மாலை துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு களத்துக்குப் போனேன். எந்தப் பெண் எந்த அணி என்றே தெரியவில்லை. பாட்டு மட்டும் கேட்டது; சற்றே இளைத்தது. எழுந்து கைதட்டினேன்.

“இன்னும் பிடிக்கவே இல்லியே ஐயா, அதுக்குள்ள எதுக்குத் தட்டுறீக?” என்றார் பக்கத்திலிருந்தவர்.

நான் பதில் சொல்லுமுன் பிடி விழுந்ததற்கான விசில் ஒலித்தது.